கிணற்றடியில் பிறந்த பட்டறை அறிவு

நின்றே போன எஞ்சினைப் பழுது பார்ப்பது எளிது. கோளாறு அங்கேயே இருக்கும், தேடினால் அகப்படும். நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று இழுவை விட்டு அணைந்து, பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆகும் எஞ்சின்தான் மெக்கானிக்கின் அறிவைச் சோதிப்பது. பட்டறைக்கு வந்து நிற்கும்போது அதில் கோளாறு எதுவும் தெரியாது. வண்டிக்காரர் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் நடந்தது என்னவென்று ஊகிக்க வேண்டும். பல வருடம் ஓடித் தேய்ந்த டாட்டா 207, 407, மகிந்திரா பிக்கப் போன்ற டீசல் வண்டிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். ஈரோடு, பெருந்துறை, பவானி, சங்ககிரி, திருச்செங்கோடு சாலையோரப் பட்டறைகளில் இதைக் கண்டுபிடிக்கும் திறமை பல பத்தாண்டுகளாகக் கைமாறி வந்திருக்கிறது. கொங்குநாட்டின் தொழில் வரலாற்றில் பருத்தி, ஆலை, மஞ்சள், பனியன், பம்ப்செட் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. இந்தத் திறமைக்கு மட்டும் அதிகம் இடம் கிடைப்பதில்லை. என் வாதம் இதுதான்: இந்த அறிவு லாரியோடு வெளியூரிலிருந்து வந்து இறங்கியது என்று சொல்ல முடியாது. சாலையில் டீசல் வண்டி பெருகுவதற்கு முன்பே, தோட்டத்துக் கிணற்றடியில் ஆயில் எஞ்சினோடும் பம்போடும் மல்லுக்கட்டிய காலத்திலேயே இதன் அடிப்படை அமைந்துவிட்டது. கைராசி, குத்துமதிப்பு என்று தள்ளிவிட முடியாத, முறையான தர்க்கம் கொண்ட அறிவு இது. இதை எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி கொங்கு. ஈரோட்டுப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழைதான். காலிங்கராயன் வாய்க்காலும், 1950-களில் பவானிசாகர் அணையோடு வந்த கீழ்பவானி வாய்க்காலும் பாயும் நிலம் போக, மற்ற விவசாயம் பெரும்பாலும் கிணற்றையும் வானத்தையும் நம்பியது. எஃப். ஏ. நிக்கல்சன் தொகுத்து 1887-இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலும் கிணற்றுப் பாசனம் முக்கிய இடம் பெறுகிறது. பாறையை உடைத்து இறக்கிய கிணறுகளில் இரண்டு மாடுகளைப் பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத் தொழில்துறைப் பணிகளை முன்னின்று நடத்திய ஆல்ஃபிரட் சாட்டர்டன், கிணறுகளில் ஆயில் எஞ்சினும் பம்பும் வைத்து இறைப்பதை ஊக்குவித்தார். அந்தக் காலத்து எஞ்சின்களில் பல, தலைப்பகுதியை விளக்கு வைத்துச் சூடாக்கினால்தான் ஓடத் தொடங்கும் வகை. 1930-களில் லிஸ்டர் போன்ற ஆங்கிலேயக் கம்பெனிகளின் சூடாக்கத் தேவையில்லாத டீசல் எஞ்சின்கள் பரவின. 1946-இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தொடங்கியதும் நாட்டுக்குள்ளேயே செய்த எஞ்சின் பரவலாகக் கிடைக்கலாயிற்று. கோவையில் வார்ப்படப் பட்டறைகள் பம்ப் தயாரிப்பில் இறங்கின. 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்பயிற்சிக் கூடமும் அந்த வளர்ச்சியில் பங்கேற்றது. கவலை ஓட்டிய அதே விவசாயி கையில், ஒரு தலைமுறைக்குள், குருடாயில் ஊற்றி ஓட்டும் எஞ்சின் வந்து சேர்ந்தது.

அந்த எஞ்சினைவிட அதிகம் பாடம் கற்பித்தது அதனோடு பூட்டிய பம்ப் என்பது என் கருத்து. கிணற்றுப் பம்ப் தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. குழாய்க்குள் வெற்றிடத்தை உண்டாக்க, வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தம் தாங்கக்கூடிய தண்ணீரின் உயரம் சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் இறைத்தால் பம்ப் திணறும். கொங்குநாட்டுக் கிணறுகள் அதைவிட ஆழம். அதனால் கிணற்றுக்குள் மேடை கட்டிப் பம்பைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. கோடையில் தண்ணீர் இறங்க இறங்கப் பம்பையும் குழாயையும் மறுபடி மறுபடி கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஏதாவது ஒரு இணைப்பில் மயிரிழை அளவு சந்து விழுந்தால் போதும், பம்ப் தண்ணீர் எடுக்காது. அல்லது சிறிது நேரம் எடுத்துவிட்டு நின்றுவிடும். இங்கே ஒரு விஷயம் புதிதாகப் பார்ப்பவரைக் குழப்பும். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் சந்து இருந்தாலும் பம்ப் ஓடும்போது அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒழுகாது. வெளியே அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. ஆகவே காற்று உள்ளே போகுமே தவிரத் தண்ணீர் வெளியே வராது. ஒழுகலைத் தேடுகிறவன் நாள் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. எந்த நீர்மட்டத்தில் நிற்கிறது, குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வ் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறதா, இணைப்பைக் களிமண்ணால் பூசினால் மாற்றம் தெரிகிறதா என்று வரிசையாகக் கேட்கிறவனுக்குத்தான் அது அகப்படும். சாணியைக் கரைத்து ஊற்றி ஃபுட் வால்வின் சந்தை அடைத்துப் பம்பை எழுப்பும் வித்தை ஊர் ஊராகத் தெரிந்திருந்தது. பாசனம் ஒரு நாள் தவறினால் பயிர் வாடும் நிலத்தில், இந்த அறிவு எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய்க்குச் சமமான அவசியம்.

இரண்டாம் உலகப் போர் இந்த அறிவைச் சாலைக்குக் கொண்டுவந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததால் சென்னை மாகாணத்துப் பேருந்துகள் பலவும் கரி அடுப்பைப் பின்னால் சுமந்துகொண்டு கரிகேஸில் ஓடின. கரியை அரைகுறையாக எரித்து வரும் வாயுவை எஞ்சினே உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடு அது. அடுப்பு மூடி, வடிகட்டி, குழாய் இணைப்பு என்று எங்காவது காற்று புகுந்தால் வாயு நீர்த்துப்போய் எஞ்சின் மேட்டில் திணறும். சமதளத்தில் மறுபடி ஓடும். ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது, விளைவு மட்டும் தெரியும் என்ற கிணற்றடிச் சிக்கலேதான் இதுவும். 1920-களிலிருந்து பேருந்துத் தொழிலில் முன்னோடியாக இருந்த கோவை ஜி. டி. நாயுடுவின் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் போன்ற நிறுவனங்களின் பணிமனைகள் அப்போதே ஃபிட்டர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கவும் நாயுடு காரணமாக இருந்தார். போர் முடியும் தறுவாயில், எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும், உறிஞ்சும் குழாயின் குணம் அறிந்த கைகளும் இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தன.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்த இரண்டு மாற்றங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மின்சாரம். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையமும், 1937-இல் மேட்டூர் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமந்தோறும் கம்பி போனபோது, கிணற்றடி ஆயில் எஞ்சினை மின் மோட்டார் ஓரங்கட்டியது. 1972-இல் மின் கட்டணத்தை எதிர்த்துக் கோவை வீதிகளை மாட்டுவண்டிகளால் நிறைத்த விவசாயிகள் போராட்டமே, கிணறுகள் எவ்வளவு தூரம் மின்சாரத்துக்கு மாறிவிட்டன என்பதற்குச் சான்று. மற்றொன்று, சாலை டீசலுக்கு மாறியது. சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோலில் ஓடிய பழைய லாரிகளில் அவற்றைப் பொருத்தி ஓட்டினார்கள். 1954-இல் டாட்டா நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸோடு கைகோத்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, டீசல் எஞ்சினின் இதயமான இன்ஜெக்ஷன் பம்பையும் நாசிலையும் உள்நாட்டிலேயே தயாரித்தது. கிணற்றடியில் வேலை குறைந்த அதே காலத்தில் சாலையோரத்தில் வேலை பெருகியது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலின் தலைநகரங்களாக வளர்ந்தன. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர் பெற்றது. ரிக் வண்டியில் டீசல் எஞ்சின், கம்ப்ரஸர், கிணறு மூன்றும் ஒரே தொழிலில் வந்து சேர்ந்தன. 1986-இல் டாட்டா 407-உம், 1988-இல் டாட்டா மொபைல் பிக்கப்பும் வந்தபோது, மஞ்சள் மூட்டையும் ஜவுளி பேலும் காய்கறியும் ஏற்றும் சிறு வண்டிகளைச் சரிபார்க்க இந்த வட்டாரத்தில் தேர்ந்த கைகள் காத்திருந்தன.

இனி அந்தத் தர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவரப் போகும் பிக்கப் ஒன்று. சத்தியமங்கலம் வரை நன்றாக ஓடுகிறது. பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இழுவை விட்டு அணைகிறது. சற்று நின்று மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் டீசல் ஆகிய மூன்றும் இருந்தால் அது ஓடியே தீரும். பிஸ்டன், ரிங் தேய்ந்து போன அழுத்தம் பத்து நிமிடத்தில் திரும்பி வருவதில்லை. ஆகவே மிச்சம் இருப்பது காற்றும் டீசலும். இழுவை விடும்போது கரும்புகை வந்தால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரையும் அதன் ரப்பர் குழாயையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் இழுவை விட்டால் டீசல் வரவில்லை. வெள்ளைப் புகையைத் திணறித் திணறித் தள்ளினால் டீசலோடு காற்று கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்த கேள்வி, எப்படி அணைந்தது என்பது. சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல் சட்டென்று நின்றால் ஸ்டாப் சொலினாய்டுக்குப் போகும் ஒயரில் லூஸ் கனெக்ஷன் இருக்கலாம். மூச்சு வாங்குவதுபோல் இழுத்து இழுத்து நின்றால் டீசல் வரத்தில் குறை. இந்த இரண்டு கேள்விகளுக்கு வண்டிக்காரர் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் எஞ்சினின் முக்கால் பங்கைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

டீசல் வரத்துக் குறையில்தான் கிணற்றடி அறிவு நேரடியாகக் கைகொடுக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப், கிணற்றுப் பம்பின் உறிஞ்சும் குழாய்க்குச் சமம். அங்கே சந்து இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். இன்ஜெக்ஷன் பம்புக்குள் காற்று போய்விட்டால், நாசில் திறக்கத் தேவையான 200 பார் அளவு அழுத்தம் ஏறாது. காற்று அமுங்கி விரியுமே தவிர டீசலைத் தள்ளாது. பிரைமரைக் கையால் அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தினால் குமிழி வருகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. குமிழி வந்தால் காற்று. வராமல் டீசலும் மெலிந்து வந்தால் அடைப்பு. அடைப்பு என்றால், டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்ப்பது அடுத்தது. மூடியின் காற்றுத் துளை அடைந்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. வண்டி நின்ற பத்து நிமிடத்தில் காற்று மெல்ல உள்ளே கசிந்து அழுத்தம் சமமாகும். அதனால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. டேங்கில் மிதக்கும் குப்பை குழாய் வாயை அடைத்திருந்தாலும் இதே கதை: எஞ்சின் நின்றால் உறிஞ்சல் நிற்கும், குப்பை விலகும். காற்று என்றால், அரை டேங்குக்குக் கீழே போனால்தான் வருகிறதா என்று கேட்பார் தேர்ந்த மெக்கானிக். டேங்குக்குள் இறங்கும் குழாயின் நடுவில் கீறல் இருந்தால், டீசல் அதற்கு மேல் நிற்கும்வரை கோளாறு தெரியாது. மட்டம் இறங்கியதும் காற்றை இழுக்கும். கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கியதும் பம்ப் நின்றுபோன காரணத்தைத் தேடிய தலைமுறைக்கு இந்தக் கேள்வி தானாக வாயில் வரும். இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால் டேங்கையே விலக்கிவிட்டு, ஒரு கேனில் டீசல் ஊற்றி மேலே கட்டி, தனிக் குழாயில் விட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். கோளாறு போய்விட்டால் அது டேங்கிலோ பைப்பிலோ இருக்கிறது. போகாவிட்டால் பம்ப் பக்கம். உறிஞ்சும் பக்கம் முழுவதையும் ஒரே சோதனையில் குற்றவாளியாக்கும் அல்லது விடுவிக்கும் இந்த முறையை எந்த அறிவியல் கூடமும் மெச்சும்.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக வரும். பட்டறைகளில் நடப்பது தர்க்கம் அல்ல, ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதுதான் என்பார்கள். அப்படிப்பட்ட பட்டறைகளும் உண்டு என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் வண்டித் தொழில் அமைப்பே அந்த வழக்கத்துக்கு எதிராக இருந்தது. பெரிய கம்பெனியின் நூறு வண்டியில் ஒன்றுக்குப் பம்பைக் கழற்றி ஓவர்ஹால் செய்தால் கணக்கில் ஒரு வரி. ஒற்றை வண்டி வைத்து, தானே ஓட்டி, மாதத் தவணை கட்டும் ஒருவருக்கு அது ஒரு மாத வருமானம். கொங்குநாட்டு லாரி, பிக்கப் உரிமையாளர்களில் இத்தகையோர் ஏராளம். அவர்களில் பலர் விவசாயக் குடும்பத்தினர், ஆயில் எஞ்சினையும் பம்பையும் தாமே கையாண்டவர்கள். பம்ப்பில் ஒன்றுமில்லை என்று பின்னால் தெரிந்தால் அந்த மெக்கானிக்கின் பெயர் அந்த வாரத்திலேயே கெட்டுவிடும். அதனால் சோதனைகளின் வரிசை செலவைப் பொறுத்து அமைந்தது: கேள்வி கேட்பதற்குச் செலவில்லை, டேங்க் மூடியைத் திறப்பதற்குச் செலவில்லை, வாஷர் மாற்றச் சில்லறை, ஃபில்டருக்குச் சில நூறு, பம்பைக் கழற்றுவது கடைசி. எந்தக் கோளாறு அதிகம் வருகிறது என்பதோடு எந்தச் சோதனை மலிவு என்பதையும் கணக்கிட்டு அமைத்த வரிசை அது. குருட்டாம்போக்கில் சாமான் மாற்றுகிறவனுக்கு இப்படி ஒரு வரிசை தேவைப்படாது.

இரண்டாவது மறுப்பு கூடுதல் வலுவுள்ளது. உண்மையான டீசல் அறிவு மைக்கோவின் அங்கீகாரம் பெற்ற பம்ப் கடைகளிலும், 1972-இல் வந்த சேரன், 1983-இல் ஈரோட்டில் வந்த ஜீவா போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளிலும், ஈரோடு ரயில்வே டீசல் ஷெட்டிலும், ஐ.டி.ஐ.க்களின் மெக்கானிக் டீசல் பிரிவிலும் வளர்ந்தது. கிணற்றடிக்கு அதில் பங்கு சொல்வது மிகை என்பது அந்த மறுப்பு. இந்த நிறுவனங்களின் பங்கு பெரியது. இன்ஜெக்ஷன் பம்புக்குள் இருக்கும் எலிமெண்ட்டின் தேய்மானத்தையும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலின் அளவையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளந்தால்தான் தெரியும். அதற்கு அட்டவணையும் பயிற்சியும் வேண்டும். அந்தப் படிப்பு இல்லாமல் கேலிபரேஷன் இல்லை. ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறின் தன்மையே, பெஞ்சில் ஏற்றினால் மறைந்துவிடுவது. வண்டியின் டேங்கும் பைப்பும் இல்லாமல், பெஞ்சின் சுத்தமான டீசலில் ஓடும் பம்ப் குறையில்லாமல்தான் ஓடும். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்த, காற்றின் உறிஞ்சலால் இயங்கும் கவர்னர் இருந்தது. அதன் தோல் டயாஃப்ரத்தில் சந்து விழுந்தாலும், எஞ்சினின் காற்றுக்குழாயோடு இணைந்திருக்கும்போதுதான் அந்தக் குறை முழுதாகத் தெரியும். பம்பைக் கழற்றலாமா வேண்டாமா என்ற தீர்ப்பு பெஞ்சுக்கு வெளியே, வண்டி அருகில்தான் சொல்லப்பட்டாக வேண்டும். பம்ப் கடை அளக்கும் அறிவைத் தந்தது. சாலையோரப் பட்டறை ஊகிக்கும் அறிவைத் தந்தது. ரோட்டரி பம்ப் சூடானபின் ஸ்டார்ட் ஆகாத வண்டியில், பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்ததும் ஸ்டார்ட் ஆனால் உள்ளே தேய்மானம் என்று முடிவு செய்வது இரண்டும் கைகோத்த இடம்: சூட்டில் நீர்த்த டீசல் தேய்ந்த சந்தில் கசிகிறது, குளிர்ந்தால் கெட்டியாகி அழுத்தம் ஏறுகிறது. பட்டறையில் ஊகித்ததைப் பம்ப் கடை பெஞ்சில் அளந்து உறுதிசெய்யும்.

கிணற்றுக்கும் பட்டறைக்கும் நான் போடும் முடிச்சு தற்செயலாக இருக்கலாமே என்றும் கேட்கலாம். பஞ்சாபிலும் குஜராத்திலும் டீசல் மெக்கானிக்குகள் இல்லையா? இருக்கிறார்கள், அதுவே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. லிஸ்டர் வகை எஞ்சின்களைச் செய்து உலகமெங்கும் அனுப்பிய ராஜ்கோட், சௌராஷ்டிரத்தின் கிணற்றுப் பாசன வட்டாரத்தின் நடுவில் இருக்கிறது. பஞ்சாபின் டீசல் அறிவும் குழாய்க் கிணறுகளோடு வளர்ந்தது. நிலத்தடி நீரை எஞ்சின் வைத்து இறைத்த பகுதிகளில் எஞ்சின் பழுது பார்க்கும் தொழில் முதலில் வேர்விட்டதில் ஆச்சரியம் இல்லை. பாசனத்துக்கு எஞ்சின், அதற்குப் பட்டறை, பட்டறைக்கு லேத், லேத்துக்கு ஆள் என்று ஊருக்குள் ஒரு வரிசை உருவாகிவிட்டால், பின்னால் வரும் லாரி அந்த வரிசையில் வந்து நிற்கும். கிணறு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. தறிநெசவும் ஆலைகளும் தந்த இயந்திரப் பழக்கம், ஊர்விட்டு ஊர் சரக்கு ஏற்றிய வியாபாரம் எல்லாம் சேர்ந்தன. ஆனால் உறிஞ்சும் குழாயில் புகும் காற்றைத் தேடும் அந்தக் குறிப்பிட்ட அறிவுக்குத் தறியோ ஆலையோ பயிற்சி தரவில்லை.

இந்த அறிவின் விலையையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்கு வந்த சிறுவர்கள் பலர், சம்பளமின்றியோ சொற்ப சம்பளத்துக்கோ, திட்டும் அடியும் வாங்கித்தான் இதைக் கற்றார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016 திருத்தம்தான் 14 வயதுக்குட்பட்டோரின் வேலையைப் ஏறத்தாழ முற்றாகத் தடை செய்தது. டீசலையும் கழிவு ஆயிலையும் வெறுங்கையால் தொட்டு, மூடிய பட்டறைக்குள் புகையைச் சுவாசித்து வேலை செய்தவர்களின் உடல்நலத்தைப் பற்றி நம் தொழில் வரலாறுகள் பேசுவதில்லை. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது. புகையின் நிறத்தைப் பார்த்துக் கோளாறு சொன்ன தலைமுறை அந்தப் புகையின் நடுவில்தான் நின்றது. இந்தத் திறமையைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறைத்துவிட்டுக் கொண்டாடக் கூடாது. அறிவைக் காப்பாற்ற அதைக் கற்பித்த விதத்தையும் காப்பாற்ற வேண்டியதில்லை. எழுதிவைப்பது முக்கியமாவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்தில் இருந்தால், பத்து வயதில் பட்டறைக்குப் போகாமலே ஒருவர் அதைக் கற்க முடியும்.

கடைசி மறுப்பு காலத்தைப் பற்றியது. 2010-இல் நாடு முழுக்க பி.எஸ். 3, 2017-இல் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்று விதிகள் இறுகின. காமன் ரெயில் எஞ்சினில் கணினி எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. ஸ்கேனரை மாட்டினால் குறியீடு வருகிறது. பழைய வண்டிகளையோ 2021-இல் அறிவித்த வாகன அழிப்புக் கொள்கை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும். பிறகு இந்த அறிவால் என்ன பயன் என்று கேட்பார்கள். ஸ்கேனர் பெரிய உதவி. அதை மறுப்பது மூடத்தனம். ஆனால் ரெயிலில் அழுத்தம் குறைவு என்று அது காட்டுவது விளைவை. ஃபில்டர் அடைப்பா, டேங்கிலிருந்து வரும் பைப்பில் காற்றா, இன்ஜெக்டர் கசிகிறதா, சென்சார் பொய் சொல்கிறதா என்பதை மனிதர்தான் பிரித்தறிய வேண்டும். மிகப் புதிய பிக்கப்பிலும் டீசல் கீழேயுள்ள டேங்கிலிருந்து பைப் வழியாகத்தான் வர வேண்டும். குறியீட்டைப் படித்ததும் விலையுயர்ந்த பம்பை மாற்றச் சொல்லும் பழக்கம் பரவும் காலத்தில், மலிவான சோதனையிலிருந்து தொடங்கும் பழைய வரிசைக்கு முன்பைவிட மதிப்பு அதிகம். இதில் உரிமைப் பிரச்சினையும் கலந்திருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கு வழிவகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வாகனங்களும் வேளாண் கருவிகளும் அதன் வரம்புக்குள் வந்தன. சிறு பட்டறைக்குக் கையேடும் ஸ்கேனர் தகவலும் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமாவது, அந்தப் பட்டறையிடம் அதைப் பயன்படுத்தும் அறிவு இருப்பதால்தான். அந்த அறிவு இருக்கிறது என்பதை நிரூபிக்க நம்மிடம் எழுத்து இல்லையென்றால், கோரிக்கையும் பலவீனமாகும்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலையல்ல. ஈரோட்டுக்கு அருகே சித்தோட்டில், போக்குவரத்துத் தொழிலை மனதில் வைத்தே 1984-இல் தொடங்கிய சாலைப் போக்குவரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி இன்று அரசு பொறியியல் கல்லூரியாக இயங்குகிறது. அதே ஆண்டில் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரி பெருந்துறையில் இருக்கிறது. ஐ.டி.ஐ.க்கள் மாவட்டமெங்கும் உள்ளன. இவற்றின் மாணவர்கள் வயதான மெக்கானிக்குகளை உட்காரவைத்து, ஒவ்வொரு கோளாறுக்கும் அவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொல்லும் வரிசையிலேயே, அந்தக் கேள்விக்கான காரணத்தோடு எழுதிக்கொண்டால் போதும். பாகங்களின் பெயரும் வேலையும் பாடநூலில் இருக்கின்றன. அங்கே இல்லாதது, எதை முதலில் சந்தேகிப்பது, எதை எந்தச் சான்றோடு விடுவிப்பது என்ற வரிசைதான். நிக்கல்சன் 1887-இல் கிணறுகளை எழுதிவைத்ததால் கவலை ஓட்டிய கொங்குநாட்டை இன்று நாம் ஓரளவு அறிகிறோம். அந்தக் கிணற்றடியிலிருந்து எழுந்த இயந்திர அறிவை எழுதும் வேலையை எந்த வெளியூர் அதிகாரிக்காகவும் ஒத்திப்போடத் தேவையில்லை. அதை அறிந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் ஒரே ஊரில், ஒரே மொழியில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.